‘சுபம்’ போடுவதற்கு முன்னால் அணைத்துவிடாதீர்கள்

பழைய படங்களையும் தொடர்களையும் கையில் வைத்திருக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் ஓடிடி நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். தேனிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். கூட்டுறவு வங்கியில் வேலை. சினிமாவோடு எனக்கு இருப்பதெல்லாம் டிக்கெட் வாங்கிய உறவு மட்டும்தான். இப்படி ஒரு மடலை எழுத வைத்தது என் மகள். சரியாகச் சொன்னால், அவளிடம் நான் தோற்றுப்போன ஒரு சண்டை.

விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிறு மதியம், உங்களில் ஒருவர் ‘சம்சாரம் அது மின்சாரம்’ போட்டீர்கள். எழுபத்தாறு வயது அம்மா, ஐம்பதைத் தாண்டிய நான், இருபத்து நாலு வயது அவள் என்று மூன்று பேரும் உட்கார்ந்தோம். படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாதியிலேயே அவளுக்கு எரிச்சல். “என்னம்மா, எல்லாரும் கத்திக்கிட்டே இருக்காங்க?” என்றாள். “பொறு, கடைசியைப் பாரு” என்றேன். கடைசி வந்தது. பிரிந்த குடும்பம் ஒன்று சேர்ந்தது, எல்லார் முகத்திலும் சிரிப்பு. உடனே உங்கள் அடுத்த நிகழ்ச்சியின் இசை தொடங்கிவிட்டது.

“இதுக்குத்தானா இவ்வளவு பில்டப்? திரும்பவும் எல்லாரும் ஒரே வீட்டுல, பொம்பளைங்க எல்லாம் ஒரே அடுப்படியில” என்று எழுந்து போனாள்.

“இல்லடி, உமா ஒத்துக்கமாட்டா” என்றேன். “நான்தான் பார்த்தேனே” என்றாள். அம்மாவும் என் பக்கம்தான் சாட்சி சொன்னார். ஆனால் டிவியே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்ட பிறகு நாங்கள் சொல்வதை யார் நம்புவது?

படம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் ஏவி.எம். தயாரிப்பில் விசு எழுதி, இயக்கி, அம்மையப்ப முதலியாராக நடித்த படம். மூத்த மகன் சிதம்பரத்துக்கும் அப்பாவுக்கும் பணத்தில் தகராறு வந்து, வீட்டுக்கு நடுவே கோடு போட்டுப் பிரிகிறார்கள். பிரசவம் முடிந்து திரும்பும் மூத்த மருமகள் உமா, வேலைக்காரக் கண்ணம்மாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அந்தக் கோட்டை அழிக்கிறாள். எல்லாரும் மறுபடி ஒன்றாக இருக்கலாம் என்று நெகிழ்ந்து நிற்கும்போது உமாதான் வேண்டாம் என்கிறாள். ஒரு தடவை உடைந்தது உடைந்ததுதான், தனித்தனியாக இருப்போம், வார விடுமுறையில் வந்து பார்த்துக்கொள்வோம், அன்பு மிஞ்சும் என்கிறாள். கூட்டுக் குடும்பத்தை இரண்டரை மணி நேரம் தூக்கிப் பிடிப்பது போல நடித்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் கையைத் தட்டி விடுகிற படம் அது. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நீங்கள் அறுத்தீர்கள். படம் ஐந்து நிமிடம் குறையவில்லை. தலைகீழாக மாறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மங்கலான ஒரு பிரதியைக் கைப்பேசியில் தேடிப் பிடித்துக் காட்டினேன். உமாவாக நடித்த லட்சுமி பேசி முடிக்கும்வரை என் மகள் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், “இதை ஏம்மா கட் பண்ணாங்க?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளம்பரம் நாலு கூடிப்போயிருக்கும், மணி ஐந்தரை ஆகியிருக்கும்.

அந்தப் படத்தை நான் மூன்று வயதில் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுக் குழந்தையாக இல்லை, மூன்று பருவத்தில் என்கிறேன். பதின்மூன்று வயதில் தியேட்டரில் பார்த்தபோது எனக்கு அது கண்ணம்மாவாக வரும் மனோரமாவின் படம். “கம்முனு கெட” என்பதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தோம். கல்யாணமான புதிதில், நாலு அறையில் ஒன்பது பேர் இருந்த வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். அப்போதுதான் இரண்டாவது மருமகள் வசந்தா கண்ணில் பட்டாள். புருஷனோடு பேச ஒரு மூலை கிடைக்காமல் தவிக்கிற பெண். சின்ன வயதில் அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு, சமையல்கட்டில் மாமியாருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த வயதில் பார்க்கும்போது சிதம்பரத்தின் கணக்கு எனக்குத் தப்பாகவே படவில்லை! கடன் கணக்கையும் பேரேட்டையும் பார்த்தே முப்பது வருஷத்தை ஓட்டியவள் நான். வீட்டில் சாப்பிடுகிற ஆள் குறைந்தால் கொடுக்கிற பணமும் குறையலாம்தானே என்று அவன் கேட்பதில் கூட்டல் கழித்தல் சரி. கேட்கிற தொனிதான் சரியில்லை. அந்தத் தொனியை ரகுவரன் எவ்வளவு அளந்து வைத்திருக்கிறார் என்பது நாற்பது வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அம்மா பார்த்தது வேறு. அவர் முதலியாரின் மனைவியாக வரும் கமலா காமேஷையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பொம்பளைய யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா பாரு” என்றார். கேட்கவில்லை. அதை நான் மூன்று தடவையும் கவனித்ததில்லை.

நான் சொல்லவருவது இதுதான். படம் அதே படம், பார்க்கிறவள்தான் மாறிக்கொண்டே இருக்கிறாள். அடுத்த தடவை எந்த இடத்தில் என் கண் நிற்கும் என்று எனக்கே தெரியாது. உங்கள் எடிட்டிங் அறையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குத் தேவையில்லை என்று அவர் எறிகிற துண்டில்தான் நாளைக்கு ஒருத்திக்கு வேண்டியது இருக்கும்.

வெட்டு என்றால் நேரத்தை வெட்டுவது மட்டும் இல்லை. ‘அந்த நாள்’ போட்டீர்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய 1954-ஆம் வருஷத்துப் படம். 1943 அக்டோபர் 11 அன்று சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட நிகழ்ச்சியை ஒட்டிப் பின்னிய கொலைக் கதை. ரேடியோ என்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்ததைச் சொல்கிறார்கள். பாட்டே கிடையாது என்றதும் என் மகள் நம்பவில்லை. சரி, பாட்டு இல்லாத படம், நீங்கள் கத்தரி வைக்க இடமே இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். நீங்கள் உயரத்தை வெட்டியிருந்தீர்கள்!

அந்தக் காலத்துப் படச் சட்டம், அதாவது ஃபிரேம், அகலத்துக்கு உயரம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்று நீங்கள் படத்தைப் பெரிதாக்கி மேலேயும் கீழேயும் தள்ளிவிடுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடுகிறது. ரூபாய்க்கு நாலணா. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் நிழலையும் வெளிச்சத்தையும் வைத்துக் கட்டிய சட்டத்தில் நெற்றியும் கையும் காணாமல் போகின்றன. மிச்சமிருப்பதிலும் ஒரு மூலையில் உங்கள் சின்னம், கீழே ஓடும் எழுத்து. வேறு சிலர் வெட்டாமல் இழுத்து விடுகிறீர்கள். அதில் சிவாஜி தவிலுக்குச் சட்டை மாட்டியது போல நிற்கிறார். கறுப்புப் பட்டை இருந்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் வீட்டில் யாரும் பட்டையைப் பார்க்க டிவி முன்னால் உட்காருவதில்லை.

‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் இடத்தை எத்தனை தடவை துண்டு துண்டாகப் போட்டிருப்பீர்கள்! 1964-இல் ஸ்ரீதர் எடுத்தது. சின்ன வயதில் அந்தக் காட்சியில் நான் நாகேஷை மட்டும் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான். இப்போது பாலையாவை மட்டும் பார்த்துப் பாருங்கள். ஒரு வேலையும் செய்யாமல், கேட்பது ஒன்றையே வேலையாக வைத்துக்கொண்டு அந்த மனிதர் பயந்து நடுங்குகிறார். கண்ணும் வாயும் தோளும் கையும் தனித்தனியாகப் பயப்படுகின்றன. அந்தக் கை சட்டத்துக்கு உள்ளே இருந்தால்தானே பார்க்க முடியும். காமெடித் துண்டாக மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த நகைச்சுவை ஒரு முழுக் கதைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே தெரியாது. ‘கரகாட்டக்காரன்’ என்றதும் வாழைப்பழம்தான் ஞாபகம் வருகிறது என் மகளுக்கு. அது ஒரு கலைக்குழுவின் பிழைப்பைப் பற்றிய படம் என்று அவள் தெரிந்துகொண்டது போன வருஷம்.

ஒரு சின்ன விஷயம், போகிறபோக்கில். என் அப்பா பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். டிவியில் பழைய பாட்டு வந்தால் கூடவே வாசிக்க உட்காருவார். “இவன் சுருதிய ஏத்தி வச்சிருக்கான்” என்று தினமும் புலம்புவார். நாங்கள் சிரிப்போம். அவர் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம் ஓடும். நம் ஊர் டிவி முறையில் 25. அப்படியே மாற்றி ஓட்டினால் எல்லாம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாகும், சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் இப்படியே மிச்சமாகிறது. அப்பா சொன்னது சரிதான். டிஜிட்டலில் இதைச் சரிசெய்வது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

இனி கொஞ்சம் சங்கடமான இடம்.

பழைய படத்தைப் புதுக் கண்ணால் பார்ப்பது என்றால் எப்போதும் இனிப்பாக இருக்காது. 1989-இல் வந்த ‘புதிய பாதை’யை எனக்குப் பதினாறு வயதில் பார்த்தேன். பார்த்திபனின் முதல் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. தன்னைக் கெடுத்த ரவுடியையே தேடி வந்து, கல்யாணம் செய்து, அவனை மனிதனாக்குகிறாள் கதாநாயகி. தியேட்டரில் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், அழவும் செய்தேன். முப்பது வருஷம் கழித்து மகளோடு பார்க்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பாதியில் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அம்மாதான் சொன்னார்: “அப்பல்லாம் அப்படித்தான்டி கட்டி வைப்பாக. எங்க தெருவுலயே நடந்துச்சு.” மகள் படியில் நின்றுவிட்டாள். யார், எப்போது, அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்கத் தொடங்கினாள். அன்று இரவு பதினோரு மணிவரை அம்மா பேசினார். நான் ஐம்பது வருஷமாகக் கேட்டிராத கதைகள்.

அந்தப் படத்தை நீங்கள் ஒளித்து வைத்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது. ‘அந்தக் காலத்தில் அது சரி’ என்று நான் வாதாடவில்லை. எனக்கு இப்போது அந்தக் கதை பிடிக்கவில்லை. ஆனால் பதினாறு வயதில் நான் கைதட்டினேன் என்பதற்கு அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. உறுத்துகிற இடத்தை மட்டும் சத்தமில்லாமல் கத்தரித்துவிட்டு மிச்சத்தைப் போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் தாத்தா பாட்டி எல்லாரும் நம்மைப் போலவே யோசித்தார்கள் என்று பிள்ளைகள் நம்பிவிடும்.

2020-இல் அமெரிக்காவில் எச்பிஓ மேக்ஸ் ‘கான் வித் தி விண்ட்’ படத்தைத் தன் தளத்திலிருந்து எடுத்தது. அடிமை முறையை அழகாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு. சில வாரத்தில் ஒரு காட்சியையும் வெட்டாமல் திரும்ப வைத்தார்கள். முன்னால் ஜாக்குலின் ஸ்டுவர்ட் என்ற திரைப்பட ஆய்வாளர் சில நிமிடம் பேசுகிறார். இந்தப் படம் எதை மறைக்கிறது, ஆனாலும் ஏன் பார்க்க வேண்டும் என்று. நமக்கும் இது புதிது இல்லை. திரையில் ஒருவர் பீடி பற்ற வைத்தால் கீழே எச்சரிக்கை வந்துவிடுகிறது, 2012-இல் வந்த விதிப்படி. ஐம்பது வருஷம் முந்தைய பீடிக்கும் வருகிறது. படத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு இடமும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. தமிழ் சினிமாவைப் படித்த யாரையாவது உட்கார வைத்து மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். நடிகர்களைக் கூப்பிட்டு, ‘அருமையான அனுபவம்’ என்று சொல்ல வைக்காதீர்கள்.

பழசு என்றாலே பிற்போக்கு என்று நாமாக முடிவு கட்டுவதும் தப்பு. 1939-இல் கே. சுப்ரமணியம் எடுத்த ‘தியாகபூமி’. கல்கியின் கதை, படத்தின் காட்சிகளையே படங்களாகப் போட்டு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. புருஷன் விரட்டிய சாவித்திரி பணக்கார உமாராணியாகத் திரும்பி வருகிறாள். கூடி வாழ வர வேண்டும் என்று அவன் வழக்குப் போடுகிறான். கோர்ட்டில் நின்று வர மாட்டேன் என்கிறாள், வேண்டுமானால் நானே உனக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். 1939-இல்! சுதந்திரப் போராட்டத்தை ஆதரித்ததற்காக வெள்ளைக்காரன் தடை செய்த படம் என்றுதான் எனக்குப் பள்ளியில் சொன்னார்கள். அந்தக் கோர்ட் காட்சியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு உமாவுக்கும் நடுவே நாற்பத்தேழு வருஷம். இரண்டு பேரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், நாம்தான் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது.

‘தியாகபூமி’க்குப் புனே ஆவணக் காப்பகத்தில் பிரதி மிஞ்சியது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதைப் புதுக் கண்ணாலும் பார்க்க முடியாது, பழைய கண்ணாலும் பார்க்க முடியாது. பெட்டி யாருடைய கையில் இருந்ததோ அவர் அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்பதுதான் ஒரு படத்தின் ஆயுள். இன்றைக்கு அந்தக் கை உங்களுடையது.

தொலைக்காட்சித் தொடர்களின் கதி இதைவிட மோசம். கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் எங்கள் ஊரில் டிவி ஒழுங்காகத் தெரிந்தது. அதற்கப்புறம் ஒன்றையும் விட்டதில்லை. கே. பாலசந்தர் தூர்தர்ஷனுக்கு எடுத்த ‘ரயில் சினேகம்’, பிறகு சன் டிவியில் நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘விடாது கருப்பு’. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் போர்வைக்குள் போன பிள்ளைகள் இன்று நாற்பது வயதுக்காரர்கள். பேய்க் கதை என்று நினைத்துப் பார்த்தது, மறுபடி பார்க்கும்போது சின்ன வயதில் ஒருவன் மனசில் விழுந்த காயத்தின் கதையாகத் தெரிகிறது. நல்லவேளை, அது இணையத்தில் கிடைக்கிறது. எல்லாத் தொடருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய சென்னைத் தூர்தர்ஷனுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. வாராவாரம் போட்ட நாடகங்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பட்டியலாவது வெளியிடலாம். ஊரடங்கு வந்ததும் 2020 மார்ச் 28-ஆம் தேதியே ‘ராமாயண’த்தைத் தூசு தட்டி எடுத்துப் போட முடிந்தது. மனசு வைத்தால் நாடாக்கள் கிடைக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பணம், உரிமை, விளம்பரம் என்று உங்களுக்கும் நெருக்கடி இருக்கும். ஞாயிறு மதியம் இரண்டரை மணி நேரப் படத்தை முழுதாகப் போட்டால் விளம்பரத்துக்கு இடம் போதாது என்றால் இரவு பதினோரு மணிக்குப் போடுங்கள், விழித்திருக்கிறோம். அதுவும் முடியாதென்றால், ஓடிடியில் ஒரு பிரதியையாவது வெட்டாமல் வையுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ‘இது சுருக்கப்பட்ட வடிவம்’ என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் மகளிடம் நான் பொய்க்காரியாகி இருக்கமாட்டேன்.

கடைசியாக ஒரு உதவி. என் அம்மா ஒரு படத்தில் ஒரு காட்சி இருக்கிறது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் டென்ட் கொட்டகையில் பார்த்தது. கதாநாயகி வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டு, கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாளாம். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. பாதிச் சோற்றில் யாரோ கூப்பிடுவார்கள், அவள் எழுந்திருக்காமல் முழுசாகச் சாப்பிட்டு முடிப்பாளாம். அவ்வளவுதான் காட்சி. அந்தப் படத்தை டிவியில் நாலு தடவை பார்த்துவிட்டோம், ஒன்றிலும் அது இல்லை. “நான் பார்த்தேன்டி” என்கிறார் ஒவ்வொரு தடவையும். இப்போதெல்லாம் குரலில் கொஞ்சம் சந்தேகம் தட்டுகிறது.

பெயரை இங்கே எழுதினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உங்களில் யாரிடம் அந்தப் படத்தின் பிரதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தனியாக எழுதுகிறேன். பெட்டியைத் திறந்து பார்த்து, அது அம்மாவின் ஞாபகப் பிசகா, உங்கள் கத்தரியா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்திலிருந்து ஒரு பார்வையாளர்